வெள்ளைப் பூ எந்தத் தேர்வுக்கு?

வெள்ளைப் பூ எந்தத் தேர்வுக்கு? மருத்துவத்துக்கா, அறிவியலுக்கா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. மனதில் நினைத்தது நான், மறந்ததும் நான். சாட்சி சொல்ல அம்மனைத் தவிர யாரும் கிடையாது. (அவளிடம் போய்க் கேட்க எனக்கு முகமும் இல்லை.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் அபிராமி பிளஸ் டூ படித்த வருடம் அது. நாங்கள் தச்சநல்லூரில் இருக்கிறோம். அவளுடைய பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில். என் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்கு இருபது வயதில் கல்யாணம், இருபத்தோரு வயதில் அபி. நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனால், 'அக்கா தங்கச்சியா?' என்று இப்போதும் கேட்பார்கள். அக்காவாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நல்லது. அக்காமார் யாரும் தங்கச்சிக்காக அட்டவணை போடுவதில்லை.

நான் போட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் அவளைக் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் சேர்த்ததே நான்தான். 'எல்லாக் கதவும் திறந்து கிடக்கட்டும்' என்று சொன்னேன். நாலு பக்கமும் கதவைத் திறந்துவைத்து நடுவில் பிள்ளையை நிறுத்தினால் அவளுக்குச் சளிதான் பிடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்ஜினியரிங் தேர்வுக்கு அவள் தகுதி, மருத்துவத்துக்குத் தகுதி, கட்டடக்கலைக்குத் தகுதி, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தகுதி, சட்டத்துக்கும் தகுதி. ஹோட்டல் நிர்வாகத்துக்குக்கூட ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறதென்று தெரிந்தபோது அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து தோசையைத் திருப்பிப் போடத் தெரியாத பிள்ளை. அதற்கும் தகுதியாம்.

பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் நான்கை ஒட்டி, பீரோவின் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். எட்டுத் தேர்வுகள், பதினான்கு பத்திகள். எத்தனை கேள்வி, எத்தனை மணி நேரம், தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையுமா, தாளில் எழுதுவதா கணினியிலா, கடைசி நாள் என்றைக்கு, மையம் எந்த ஊரில், அந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு. கடைசிப் பத்தியின் தலைப்பு 'அபிக்குப் பொருந்துமா?' அதற்குப் பத்துக்கு எத்தனை என்று நானே மதிப்பெண் போட்டேன். (நான் என் வாழ்க்கையில் ஒரு நுழைவுத் தேர்வும் எழுதியதில்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் போகும் கல்லூரியில் சேர்ந்தேன். பஸ்தான் முடிவு செய்தது.)

என் கணவர் தினமும் பீரோவில் சட்டை எடுக்கும்போது அதைப் பார்ப்பார்.

"இதுல நான் எங்க வாரேன்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க எதுக்குங்க வரணும்?"

"இல்ல, எல்லாரையும் எழுதிருக்கியே, பஸ் டிரைவர் உள்பட. அதான் கேட்டேன்."

மார்ச் கடைசியில் பொதுத் தேர்வு முடிந்தபோது அட்டவணையில் இரண்டே வரிசைதான் மிச்சம். ஒன்று நீட். அதற்கு முன்பே விண்ணப்பித்தாயிற்று. பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பிலும் சேர்த்தாயிற்று. இன்னொன்று மத்திய அரசின் அறிவியல் கல்லூரிகளுக்கான திறனறித் தேர்வு. ஐந்து வருடம் அறிவியல் மட்டும் படிக்கலாம், ஆராய்ச்சி செய்யலாம். அபிக்கு அதுதான் வேண்டும். அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவள் எதையுமே சத்தமாகச் சொல்கிறவள் இல்லை. அந்தத் தேர்வின் பழைய கேள்வித்தாளை மட்டும் யாரும் சொல்லாமலே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் போடும்போது உதடு லேசாக அசையும். நீட் பயிற்சித் தாளைப் போடும்போது அசையாது. இதைக்கூட நான் அட்டவணையில் குறித்திருந்தேன்.

இன்னொன்றையும் குறித்திருந்தேன். நீட்டில் நூற்றெண்பது நிமிடத்துக்கு நூற்றெண்பது கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அறிவியல் தேர்வில் அதே நூற்றெண்பது நிமிடத்துக்கு அறுபது கேள்விதான். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம். நாலு பாடத்திலிருந்தும் சரிசமமாகக் கேட்பார்கள். கணிதம், உயிரியல் இரண்டையும் சேர்த்துப் படித்த பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அபி ஒரு கேள்வியை மூன்று தடவை படிப்பாள். ஒரு நாள் கைபேசியில் நேரம் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு நிமிசம் முடிஞ்சுட்டு அபி."

"இரும்மா, யோசிச்சிட்டிருக்கேன்."

"ஒண்ணரை ஆச்சுட்டி!"

"நீ நிமிசத்த எண்ணாத, எனக்கு கேள்வி மறந்து போவுது."

இரண்டு நிமிடம் பத்து விநாடியில் விடையைக் குறித்தாள். சரியான விடை. அடுத்ததும் அப்படியே, தாமதம், சரி. அதற்கடுத்ததும் தாமதம், சரி. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "பைய செஞ்சாலும் சரியாத்தான செய்யுதா? அப்பம் மூணு நிமிசம் குடுக்கவன்கிட்ட அனுப்பு" என்றார். ஆறு மாதம் நான் பதினான்கு பத்தி போட்டுக் கண்டுபிடித்ததை அவர் பல் விளக்கிக்கொண்டே சொல்லிவிட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வந்த விடை சரியாக இருக்குமா? கூட்டிப் பார்த்தேன். அறிவியல் தேர்வு எட்டரை, நீட் எட்டு. 'ஊரில் மதிப்பு' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். இரண்டும் சமமாக வந்தது. அதன் பிறகு எனக்கு நிம்மதி; இன்னும் கொஞ்ச நாள் கவலைப்படலாம்.

அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னவர் என் கணவரின் அக்கா. மதினி முக்கூடலில் இருக்கிறார். அவர் மகன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். கெட்டவர் இல்லை. அபி மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் ஃபோன் செய்தால் அந்தப் பையனின் வெள்ளைக் கோட்டைத் துவைப்பது எவ்வளவு சிரமம் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

"செல்வி, நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காத. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேட்டா, அறிவியல்னா சொல்லுவ? அதான் நாம எல்லாரும் அஞ்சாங் கிளாஸ்லயே படிச்சோமே!"

"மதினி, ரெண்டுமே எழுதலாம்னு அபி சொல்லுதா."

"கணக்கையும் சேத்துப் படிச்சா உள்ளதும் போயிரும்மா. ஒண்ணு செய்வோம். இங்கன எங்க தெரு அம்மன்கிட்ட பூக் கேட்டுப் பாத்துருவோம். எம் பையனுக்கும் அங்கதான் கேட்டேன். டக்குன்னு வந்துச்சு."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் தெரிந்த வழக்கம்தான். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக இலையில் பொதிந்து அம்மன் காலடியில் வைத்து, குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் படித்தாலும் படிப்பு படிப்புதான். இதையெல்லாம் நம்புவாயா என்றால் பதில் சொல்ல மாட்டேன். அம்மன் சொன்னாள் என்றால் நான் சொன்னதாக ஆகாது. அது மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மதினி ஊருக்குப் புறப்பட்டேன். விண்ணப்பம் முழுவதும் தயார். புகைப்படம், கையெழுத்து எல்லாம் ஏற்றியாயிற்று. பணம் கட்டி ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது. அபி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, அழுத்திட்டே போயேன்."

"பூக் கேட்டுட்டு வந்து அழுத்துவோம்."

"சிவப்போ என்னமோ, வேண்டாம்னு வந்துட்டா?"

"வந்தா பாப்போம். நான் வாற வரைக்கும் நீ ஒண்ணும் அழுத்தக்கூடாது. சரியா?"

அவள் தலையாட்டினாள். பதினேழு வருடமாக நான் எது சொன்னாலும் ஆட்டுகிற தலை.

ஜங்ஷனில் முக்கூடல் பஸ் ஏறினேன். வீட்டில் நான் முடிவு செய்தது, வெள்ளை என்றால் மருத்துவம். டாக்டர் கோட்டு வெள்ளை, நினைவில் வைப்பது எளிது. பேட்டை தாண்டும்போது ஒரு சந்தேகம் வந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களும் வெள்ளைக் கோட்டுதானே போடுகிறார்கள்? போதாததற்கு வெள்ளைப் பூ வந்தால் நல்லது என்று ஊரே சொல்கிறது. நல்ல பூவை மருத்துவத்துக்குக் கொடுத்தால் அம்மனின் கையைப் பிடித்து இழுப்பது மாதிரி ஆகாதா? எனவே வெள்ளையை அறிவியலுக்கு மாற்றினேன். சுத்தமல்லி தாண்டியதும், 'அப்போ உன் மனசு அறிவியல் பக்கம் சாயுது, அதனால்தான் அதுக்கு வெள்ளையைக் கொடுத்தாய்' என்று தோன்றியது. திரும்ப மருத்துவத்துக்கே மாற்றினேன். இறங்குவதற்குச் சற்று முன் இன்னொரு காரணமும் தோன்றியது. என்ன காரணம் என்று ஞாபகம் இல்லை. மிக நியாயமான காரணம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்காக மாற்றினேனா, மாற்றலாம் என்று நினைப்பதற்குள் ஊர் வந்துவிட்டதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் வரி.

கோவில் வாசலில் 'கைபேசியை அணைத்து வைக்கவும்' என்று பலகை இருந்தது. அணைத்தேன். அந்தப் பலகைக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிற்பாடு பூசாரியின் இடுப்பு மடிப்பிலிருந்தே ஒரு கைபேசி இரண்டு தடவை பாடியது. அணைத்துவிட்டு நிமிர்ந்தால் நடை சாத்தியிருக்கிறது. மணி பன்னிரண்டரை.

மதினி எதிரே வந்தார். "நாலு மணிக்குத்தான் தொறப்பாவ செல்வி. நீ வந்தது நல்லதாப் போச்சு, சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் படு."

"மதினி, இன்னைக்குக் கடைசி நாளு."

"கடைசி நாளுன்னா ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உண்டும்லா? எம் பையனுக்கு அப்படித்தான் இருந்துச்சு."

ஆமாம், நீட் விண்ணப்பத்துக்கும் கடைசி நாளன்று இரவு வரை நேரம் இருந்தது. என் அட்டவணையில் பதினான்கு பத்திகள் இருந்தன என்று சொன்னேன் அல்லவா, பிறகு பதினைந்தும் ஆனது. அதில் 'கடைசி நாள்' இருந்தது. 'எத்தனை மணி வரை' இல்லை.

புளிக்குழம்பும் அவியலும் சாப்பிட்டோம். படுக்கவும் செய்தேன். கைபேசி பையில் அணைந்தே கிடந்தது.

நாலு மணிக்கு நடை திறந்தது. பூசாரி இரண்டு இலைப் பொட்டலத்தைக் காலடியில் வைத்துவிட்டு, சாமி கும்பிட வந்த யார் வீட்டுப் பெண் குழந்தையையோ கூப்பிட்டார். நாலு வயதிருக்கும். அது இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்தது.

"ஒண்ணுதான் எடுக்கணும் தாயி."

அது ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, அழுவதற்குத் தயாராக நின்றது. (எனக்கு அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.) பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அரளி.

"வெள்ளைதாம்மா! நெனச்சது நெனச்சபடி நடக்கும்" என்றார்.

"வந்துட்டுல்லா!" என்று மதினி என் கையைப் பிடித்தார். "நான் சொல்லல? என்ன நெனச்ச? இப்பம் சொல்லலாம்."

நான் வாயைத் திறந்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன்: வீடு, பேட்டை, சுத்தமல்லி.

"என்ன செல்வி?"

"மதினி... வெள்ளைக்கு எத நெனச்சேன்னு மறந்துட்டு."

மதினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ வச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

"ஒரு காரியத்துக்கு ஒரு தடவதாம்மா கேக்கணும். அவ சொல்லிட்டா. நீங்கதான் கேள்வியத் தொலைச்சிட்டிய."

"பைய யோசி" என்று மதினி என்னைப் பிராகாரத்தில் உட்கார வைத்தார். "வீட்டுல என்ன நெனச்ச? பஸ் ஏறும்போது என்ன நெனச்ச?" போலீஸ் விசாரணை மாதிரி ஊர் ஊராகப் போனோம். சுத்தமல்லி வரை தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு இருட்டு. நான் யோசிக்க யோசிக்க, கோவிலுக்கு வந்த இரண்டு பெண்களும் சேர்ந்து யோசித்தார்கள். ஒருவர் வெள்ளை டாக்டருக்குத்தான் என்றார். இன்னொருவர், மறந்து போனதே ஒரு சகுனம், மூன்றாவதாக ஏதாவது படிக்க வையுங்கள் என்றார். ஹோட்டல் நிர்வாகம் எனக்கு ஞாபகம் வந்தது.

பஸ் ஏறி உட்கார்ந்து பேட்டை வந்த பிறகுதான் கைபேசி ஞாபகம் வந்தது. ஆன் செய்தேன். அது கையில் துள்ள ஆரம்பித்தது. தவறிய அழைப்புகள் பதினொன்று. வங்கியிலிருந்து ஓடிபி, இன்னொரு ஓடிபி, இன்னொன்று. மொத்தம் நான்கு. நடுவில் அபியிடமிருந்து மூன்று செய்திகள்.

'எம்மா அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்.'

'போனை ஆன் பண்ணு.'

'எம்மா ப்ளீஸ்.'

மணி ஐந்து இருபது.

நடந்தது இதுதான். மூன்றே முக்காலுக்கு விண்ணப்பப் பக்கத்தை மறுபடி படித்தபோதுதான் ஐந்து மணியோடு முடிகிறது என்பதைக் கவனித்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டாள், மதினியின் கைபேசி வீட்டில் டிவி மேல் இருந்தது. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தாள். என் கார்டு எண்ணைப் போட்டுப் பணம் கட்டப் பார்த்திருக்கிறாள். ஓடிபி என் கைபேசிக்கு வந்தது. அப்பாவை வரச் சொன்னாள். அவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அவருடைய சம்பளக் கணக்கிலும் என் எண்தான். 'நீயே பாத்துக்கோ' என்று கல்யாணமான புதிதில் எழுதிக் கொடுத்தது. அந்த ஓடிபியும் முக்கூடலுக்கு வந்தது. வேறு யாரிடமாவது கேட்கலாமே என்று அவருக்குத் தோன்றியபோது மணி ஐந்து ஐந்து.

எல்லாம் என் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று பதினேழு வருடம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் அது அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்குள் போனேன். அபி கணினிக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தாள். அழவில்லை.

"எம்மா, என்ன பூ வந்துச்சு?"

"வெள்ளை."

"வெள்ளைன்னா எது?"

"தெரியலட்டி. மறந்துட்டேன்."

சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு நாங்கள் இருவரும் நிறுத்தினோம், அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை.

மே மாதம் நீட் எழுதினாள். வெளியே வந்து, "நாப்பது கேள்வி படிக்கவே இல்லம்மா, அதுக்குள்ள பெல்லடிச்சுட்டாங்க" என்றாள். படித்த கேள்விகளில் பெரும்பாலும் சரி. அட்டவணை சொன்னபடியே நடந்தது. சந்தேகப்பட்ட ஆளும் அதை எழுதிய ஆளும் ஒரே ஆள் என்பதால் நான் யாரையும் திட்ட முடியவில்லை. அடுத்த வருடம் அறிவியல் தேர்வு எழுதலாமே என்றோம். "வேண்டாம்மா" என்றாள். காரணம் சொல்லவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எப்படி இருக்கிறது என்றால், "நல்லாருக்கு" என்பாள். அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அது தீராத வேடிக்கையாகிவிட்டது. நான் காய் வாங்கப் புறப்பட்டாலும், "போன் ஆன்ல இருக்கா?" என்று என் கணவர் கேட்பார். மதினி ஒவ்வொரு விசேஷத்திலும் பூசாரி மாதிரி பேசிக் காட்டுவார்: "நீங்கதான் கேள்வியத் தொலைச்சிட்டிய!" பந்தியில் இருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அபியும் சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சிரிப்பேன்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மதுரையில எனக்கு ஒரு பரீட்சை இருக்கு" என்றாள்.

"என்ன பரீட்சை?" என்று என் கணவர் கேட்டார்.

"பரீட்சைதாம்ப்பா."

"யாரு கூட வரணும்?"

"யாரும் வேண்டாம். எங்கூடப் படிக்கவ ஒருத்தி வாரா. நாங்க ரெண்டு பேரும் போய்க்கிடுவோம்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் ரசம் ஊற்றினேன். அவளுக்கு வேண்டுமென்கிற அளவுக்கு மேலேயே ஊற்றிவிட்டேன். அதையும் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்திருக்கிறேன். அது என்ன தேர்வு, எந்த ஊர்ப் படிப்பு, எத்தனை கேள்வி, அவளுக்குப் பொருந்துமா. கேட்டால் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு நான் என்ன செய்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. கேட்காவிட்டால், அம்மாவுக்கு அக்கறை விட்டுப்போயிற்று என்று நினைப்பாளோ என்று அதற்கும் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பிய அம்மாக்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நான் கேட்கட்டுமா, சும்மா இருக்கட்டுமா? ஒன்றும் கேட்காமல், அதே பஸ்ஸில் நாலு இருக்கை பின்னால் உட்கார்ந்து மதுரை வரை போய், அவள் எழுதி முடிக்கும் வரை எதிர்த்த கடையில் காத்திருந்துவிட்டு, அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை இருக்கிறது. அதைச் செய்யலாமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.